சென்சார் தரவைப் பைத்தானில் கோட்டு வரைபடமாக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் தமிழ்ப்பள்ளி அறிவியல் திட்டம் செய்யும் மாணவர்கள், உணவகக் குளிர்பெட்டியைக் கண்காணிப்பவர்கள், புகைமூட்டக் காலத்தில் வீட்டுக் காற்றை அளப்பவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சென்சார் வேலை செய்கிறது, எண்கள் வந்து குவிகின்றன, ஆனால் வரைபடம் சரியாக வரவில்லை என்ற இடத்தில்தான் பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். கோட்டின் நிறத்தையும் தடிமனையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். நேரம், இடைவெளி, பொய்யான அளவு ஆகிய மூன்றையும் முதலில் சரிசெய்யுங்கள்.

தொடங்குவதற்கு என்னென்ன வேண்டும்?

ஓர் அர்டுயினோ ஊனோ அல்லது இஎஸ்பி32 பலகை (சென்சாரைப் படிக்கும் சிறு கணினிப் பலகை), ஒரு டிஎச்டி22 வெப்ப-ஈரப்பத சென்சார், ஒரு 10 கிலோ ஓம் மின்தடை, யுஎஸ்பி கம்பி, பைத்தான் உள்ள மடிக்கணினி. கோலாலம்பூரில் இருப்பவர்கள் பூடு ஜாலான் பாசார் கடைகளில் பாகங்களை நேரில் பார்த்து வாங்கலாம். மின்தடையைச் சென்சாரின் மின்காலுக்கும் தரவுக் காலுக்கும் இடையே போடுங்கள். சிறு பலகையில் பொருத்தி விற்கப்படும் சென்சார்களில் இது பெரும்பாலும் ஏற்கனவே இருக்கும்.

விலை குறைவு என்று டிஎச்டி11 வாங்குவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அதன் பிழை 2 பாகை வரை போகலாம். நம் ஊரில் இரவுக்கும் நண்பகலுக்கும் இடையே உள்ள வித்தியாசமே பெரும்பாலும் 8, 9 பாகைதான். டிஎச்டி22-இன் பிழை அரைப் பாகை. இரண்டு வினாடிக்கு ஒரு முறைக்கு மேல் அதைப் படிக்காதீர்கள். படித்தால் பழைய மதிப்பே திரும்ப வரும், அல்லது பிழை வரும்.

கணினியில், பைத்தானின் நிறுவல் கட்டளையான பிப் வழியாகப் பாண்டாஸ் (அட்டவணைத் தரவைக் கையாள), மேட்ப்ளாட்லிப் (படம் வரைய), பைசீரியல் (பலகை அனுப்பும் எண்களைப் படிக்க) ஆகிய மூன்று நூலகங்களையும் நிறுவிக்கொள்ளுங்கள்.

கட்டளைப் பெயர்களை இங்கே தமிழில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியே தட்டலாமா?

கூடாது. ரீட் சிஎஸ்வி, பிளாட், ரீசாம்பிள் போன்றவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். ஆனால் நீங்களே வைக்கும் மாறிப் பெயர்களும் கோப்பின் தலைப்பு வரிசையும் தமிழிலேயே இருக்கலாம். பைத்தான் 3 அதை ஏற்றுக்கொள்கிறது.

தரவை எந்த வடிவில் சேமிப்பது?

காற்புள்ளியால் பிரித்த எளிய சிஎஸ்வி கோப்பு போதும். இப்படி:

நேரம்,வெப்பம்,ஈரப்பதம்
2025-03-14 15:00:00,33.4,61.2
2025-03-14 15:01:00,33.5,60.8

ஆண்டு முதலில், பிறகு மாதம், பிறகு நாள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். மலேசியாவில் நாம் 03/04/2025 என்று எழுதினால் ஏப்ரல் 3. பாண்டாஸ் அதை மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். பழைய கோப்பு அப்படித்தான் இருக்கிறது என்றால், படிக்கும்போது டேஃபர்ஸ்ட் என்ற தெரிவை ட்ரூ ஆக்குங்கள். எண்ணோடு பாகைக் குறியையோ விழுக்காட்டுக் குறியையோ சேர்த்துச் சேமிக்கவும் வேண்டாம்; அலகு தலைப்பில் இருந்தால் போதும்.

மிகச் சிறிய நிரல் எப்படி இருக்கும்?

ஐந்து வேலைகள்தான்.

1. பாண்டாஸையும் மேட்ப்ளாட்லிப்பின் பைபிளாட் பகுதியையும் இம்போர்ட் செய்யுங்கள்.
2. ரீட் சிஎஸ்வி கொண்டு கோப்பைப் படியுங்கள். அதில் பார்ஸ் டேட்ஸ் தெரிவுக்கு நேரம் என்ற நெடுவரிசையைக் கொடுங்கள், இன்டெக்ஸ் கால் தெரிவுக்கும் அதையே கொடுங்கள்.
3. சப்பிளாட்ஸ் கொண்டு படமும் அச்சும் உருவாக்குங்கள். ஃபிக்சைஸ் 10, 4 என்று வையுங்கள். நேரம் சார்ந்த கோடு அகலமான படத்தில்தான் நன்றாகத் தெரியும்.
4. அச்சின் பிளாட் கட்டளைக்கு முதலில் நேரத்தையும் (அது இப்போது இன்டெக்ஸில் இருக்கிறது) அடுத்து வெப்ப நெடுவரிசையையும் கொடுங்கள்.
5. செட் ஒய்லேபல் கொண்டு அலகோடு பெயரிடுங்கள், பிறகு சேவ்ஃபிக் கொண்டு பிஎன்ஜி கோப்பாகச் சேமியுங்கள். டிபிஐ 150 என்றால் 1500க்கு 600 புள்ளி அளவில் படம் கிடைக்கும்.

திரையிலும் பார்க்க வேண்டுமென்றால் ஷோ கட்டளையைச் சேவ்ஃபிக்கிற்குப் பிறகு போடுங்கள். ஷோ முதலில் வந்தால், சன்னலை மூடியதும் படம் போய்விடும். பிறகு சேமிப்பது வெற்று வெள்ளைத் தாள்.

கீழ் அச்சு முழுவதும் கறுப்பாக அப்பிக்கொண்டு வருகிறது. ஏன்?

உங்கள் நேரம் நேரமாகப் படிக்கப்படவில்லை, வெறும் எழுத்துச் சரமாக நிற்கிறது. எழுத்துச் சரம் என்றால் மேட்ப்ளாட்லிப் ஒவ்வொன்றையும் தனி வகையாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரைக் கீழே எழுதும். 1,440 வரி இருந்தால் 1,440 பெயர். படம் வர நெடுநேரம் ஆவதும் இதனால்தான்.

பார்ஸ் டேட்ஸ் கொடுத்தும் இப்படி வரும். நெடுவரிசையில் ஏதோ ஒரு வரியில் படிக்க முடியாத நேரம் இருந்தால், பாண்டாஸ் எந்தச் சத்தமும் போடாமல் முழு நெடுவரிசையையும் எழுத்தாகவே விட்டுவிடும். நெடுவரிசைகளின் வகையைக் காட்டும் டிடைப்ஸை அச்சிட்டுப் பாருங்கள். ஆப்ஜெக்ட் அல்லது எஸ்டிஆர் என்று காட்டினால் சிக்கல் அதுதான். டு டேட்டைம் கட்டளையை எர்ரர்ஸ் தெரிவுக்குக் கோயர்ஸ் கொடுத்து ஓட்டினால், படிக்க முடியாதவை வெற்றாகிவிடும். அந்த வரிகளைத் தேடிப் பார்த்து நீக்கலாம்.

இதே நோய் நிற்கும் அச்சிலும் வரும். 27.1-க்கு மேல் 26.9, அதற்கு மேல் 28 என்று எண்கள் ஏறுவரிசை இல்லாமல் நின்றால், வெப்ப நெடுவரிசையும் எழுத்தாக இருக்கிறது. டு நியூமெரிக் அதைச் சரிசெய்யும். நடுவில் எங்கோ 'பிழை' என்ற சொல்லைச் சென்சார் நிரல் எழுதியிருக்கும்.

வெயில் உச்சம் காலை 7 மணிக்கு வருகிறதே?

தரவு உலகப் பொது நேரத்தில் (யுடிசி) சேமிக்கப்பட்டிருக்கிறது. மலேசிய நேரம் அதைவிட 8 மணி முன்னால். பிற்பகல் 3 மணி அங்கே காலை 7. உச்சம் இரவு 11 மணிக்கு வந்தால், ஏற்கனவே உள்ளூர் நேரமாக இருந்ததோடு நீங்கள் இன்னொரு 8 மணியைக் கூட்டிவிட்டீர்கள். வெப்பக் கோட்டின் உச்சத்தைப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம் என்பதால், ஈரப்பதத்தையோ மண்ணையோ அளப்பவர்களும் கூடவே ஒரு வெப்ப அளவைச் சேமித்துவைப்பது நல்லது.

சரிசெய்ய இரண்டு படிகள். டிஇசட் லோக்கலைஸ் 'இந்த எண்கள் எந்த மண்டலத்தில் எழுதப்பட்டவை' என்று சொல்லும், எண்ணை மாற்றாது. டிஇசட் கன்வெர்ட் எண்ணையே மாற்றும். முதலில் லோக்கலைஸுக்கு யுடிசி கொடுங்கள், பிறகு கன்வெர்ட்டுக்கு ஏசியா, சாய்கோடு, கோலாலம்பூர் என்ற மண்டலப் பெயரைக் கொடுங்கள். அந்தப் பெயரில் கோலாவுக்கும் லம்பூருக்கும் இடையே அடிக்கோடு வரும். பினாங்குக்கும் இதே பெயர்தான்.

மாற்றியும் படத்தில் 8 மணி பின்தங்கியே நிற்கிறதா? அச்சில் நேரத்தை எழுதும் டேட் ஃபார்மேட்டரை நீங்களே வைத்திருப்பீர்கள். அதற்குத் தனியாக டிஇசட் கொடுக்காவிட்டால் அது யுடிசியில்தான் எழுதும். இந்த ஒரு தெரிவு விடுபட்டுப் பல திட்ட அறிக்கைகள் தவறான நேரத்தோடு அச்சேறுகின்றன.

நேரம் 6 மணி 47 நிமிடம், 6 மணி 55 நிமிடம் என்று விநோதமாக விலகினால், பைடிஇசட் என்ற நேர மண்டல நூலகத்தின் மண்டலத்தை நேரடியாக டேட்டைமில் ஒட்டியிருக்கிறீர்கள். அது மிகப் பழைய சூரிய நேரத்தை எடுத்துக்கொள்கிறது. பைத்தான் 3.9 முதல் உள்ள சோன்இன்ஃபோவைப் பயன்படுத்துங்கள். 1982 சனவரி 1-க்கு முந்தைய பதிவுகளை வரைபவர்கள் மட்டும் நினைவில் வைக்கவும்: அதுவரை தீபகற்ப மலேசியா ஏழரை மணி வித்தியாசத்தில் இருந்தது.

மின்சாரம் போன நேரத்திலும் கோடு நேராகப் போகிறது. அதை எப்படி வெட்டுவது?

இதை அவசியம் வெட்டுங்கள். பிற்பகல் இடிமழையில் மின்சாரம் போய் இரண்டு மணி கழித்து வந்தால், அந்த இரண்டு மணிக்கும் உங்களிடம் ஓர் அளவும் இல்லை. கோடு இருந்தால், பார்ப்பவர் அங்கே அளந்ததாகத்தான் நம்புவார். மழை பெய்த அந்த நேரத்தில்தான் வெப்பம் சடாரென்று இறங்கியிருக்கும்.

மேட்ப்ளாட்லிப் வெற்று மதிப்பைக் கண்டால் கோட்டைத் தானாகவே விட்டுவிடும். ஆனால் சென்சார் அணைந்திருந்தபோது கோப்பில் வரியே இல்லை. வெற்று மதிப்பும் இல்லை. ரீசாம்பிள் கொண்டு ஒரு நிமிடக் கட்டங்களாகப் பிரித்துச் சராசரி எடுங்கள். அளவில்லாத நிமிடங்களுக்கு வெற்று மதிப்பு வந்து அமரும், கோடு அறுந்து நிற்கும்.

ஒரு பொறி இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்துவிட்டு ஒரு நிமிடக் கட்டமாகப் பிரித்தால் படம் முழுதும் காலியாக வரும். ஒவ்வொரு அளவுக்கும் இருபுறமும் வெற்று மதிப்பு இருப்பதால் இணைக்க இரண்டு புள்ளிகள் அடுத்தடுத்துக் கிடைப்பதில்லை. கட்டம் எப்போதும் அளவெடுக்கும் இடைவெளிக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்கட்டும். ஐந்து நிமிட அளவுக்குப் பத்து நிமிடக் கட்டம் பாதுகாப்பானது.

கோடு திடீரென்று பின்னோக்கி ஓடுகிறது.

ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில், ராஸ்பெர்ரி பை 4 வரையிலான பலகைகளில் மின்சாரம் போனாலும் ஓடும் கடிகாரம் கிடையாது. மின்சாரம் திரும்பியதும் பழைய நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கி, இணையம் கிடைத்த பிறகுதான் திருத்திக்கொள்ளும். இடைப்பட்ட வரிகள் தவறான நேரத்தோடு எழுதப்படுகின்றன. சார்ட் இன்டெக்ஸ் கொண்டு வரிசைப்படுத்தினால் கோடு அழகாகத் தெரியும், ஆனால் அளவுகள் தவறான இடத்திலேயே இருக்கும். அந்த வரிகளை நீக்குவதே நேர்மை. நிரந்தரத் தீர்வு, டிஎஸ்3231 கடிகாரப் பலகை ஒன்றைப் பொத்தான் மின்கலத்தோடு சேர்ப்பது.

அவ்வப்போது ஈட்டி போல ஒரு புள்ளி மேலே பாய்கிறது. மழுப்பிவிடலாமா?

முதலில் அந்த எண் என்ன என்று பாருங்கள். டிஎஸ்18பி20 வெப்ப சென்சாரில் சரியாக 85 என்று வந்தால் அது வெப்பமல்ல. மின்சாரம் கிடைத்ததும் அதன் நினைவகத்தில் இருக்கும் தொடக்க மதிப்பு. 12 பிட் அளவெடுக்க அதற்கு 750 மில்லி வினாடி வேண்டும். அதற்குள் படித்தாலும், நீளக் கம்பியில் மின்னழுத்தம் தளர்ந்து அது மறுதொடக்கம் ஆனாலும் 85 வரும். கழித்தல் 127 வந்தால் தொடர்பு அறுந்திருக்கிறது என்று அர்டுயினோ நூலகம் சொல்கிறது: கம்பியையும் 4.7 கிலோ ஓம் மின்தடையையும் பாருங்கள். இவற்றை வெற்று மதிப்பாக மாற்றுங்கள். சராசரி எடுத்து மழுப்பினால் அந்தப் பொய் பக்கத்து அளவுகளிலும் கலந்துவிடும்.

அதற்குப் பிறகும் ஒற்றை ஈட்டிகள் இருந்தால், ரோலிங் கட்டளையில் 5 அளவுகளின் இடைநிலையை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பை) எடுங்கள். இடைநிலை ஈட்டியைத் தூக்கி எறியும். சராசரி அதைக் குட்டையாக்கிப் பரப்பும். சென்டர் தெரிவை ட்ரூ ஆக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் கோடு முழுவதும் தாமதமாக நகர்ந்து நிற்கும். மழுப்பிய கோட்டை வரையும்போது மூல அளவுகளையும் வெளிர்நிறத்தில் பின்னால் காட்டுங்கள்.

நிற்கும் அச்சைப் பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டுமா?

பட்டை வரைபடத்துக்குத்தான் அந்த விதி. கோட்டு வரைபடத்துக்கு, நீங்கள் தேடும் மாற்றம் எவ்வளவு பெரியது என்பதே அளவுகோல்.

இதற்கு மிகச் சிறந்த பயிற்சி காற்றழுத்தம். பிஎம்இ280 சென்சார் ஒன்றைப் பினாங்கிலோ கோலாலம்பூரிலோ மூன்று நாள் ஓடவிடுங்கள். அச்சைப் பூச்சியத்திலிருந்து வைத்தால் ஆயிரத்துக்கு அருகே ஓர் உயிரற்ற நேர்கோடு தெரியும். செட் ஒய்லிம் கொண்டு ஏறக்குறைய 10 எக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) அகலத்துக்குச் சுருக்குங்கள். நாளொன்றுக்கு இரண்டு அலைகள் எழும்பி வரும்: காலை 10 மணியளவிலும் இரவு 10 மணியளவிலும் மேடு, விடியலுக்கு முன் 4 மணியளவிலும் மாலை 4 மணியளவிலும் பள்ளம். சூரிய வெப்பம் வளிமண்டலம் முழுவதையும் அசைப்பதால், கடலின் ஏற்றவற்றம் போல வரும் ஓதம் இது. நிலநடுக்கோட்டுக்கு அருகே மிக வலுவாக இருக்கிறது. இங்கே மேட்டுக்கும் பள்ளத்துக்கும் சில எக்டோபாஸ்கல் வித்தியாசம். குளிர்நாடுகளில் புயல்களின் பெரிய ஏற்ற இறக்கத்துக்குள் இது மறைந்துவிடும். நமக்கு அறைக்குள் வைத்த சென்சாரிலேயே தெளிவாகத் தெரிகிறது. தமிழ்ப்பள்ளி அறிவியல் திட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு எங்களுக்குத் தெரியவில்லை: வெளியே வைக்க வேண்டாம், வெயில் மழை பயமில்லை, முடிவு ஒவ்வொரு நாளும் வரும்.

வெப்பத்துக்கு 20 முதல் 40 வரை என்று நிலையாக வைத்துக்கொண்டால் ஒரு நாள் படத்தை மறுநாள் படத்தோடு ஒப்பிட முடியும். தானாக மாறும் அச்சு, குளிர்சாதன அறையின் அரைப் பாகை நடுக்கத்தைக்கூட மலையாகக் காட்டும்.

வெப்பம், ஈரப்பதம் இரண்டையும் ஒரே படத்தில் காட்டலாமா?

ட்வின்எக்ஸ் கொண்டு வலப்புறம் இரண்டாவது அச்சு வைக்கலாம். நாங்கள் அதைத் தவிர்க்கிறோம். இரண்டு அச்சையும் எப்படி நீட்டுகிறோம் என்பதைப் பொறுத்து கோடுகள் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்பது மாறும். அந்த வெட்டுப்புள்ளிக்கு எந்தப் பொருளும் இல்லை. ஆனால் கண் அங்கேதான் போகும். சப்பிளாட்ஸில் இரண்டு வரிசை வைத்து ஷேர்எக்ஸ் தெரிவை ட்ரூ ஆக்குங்கள். மேலே வெப்பம், கீழே ஈரப்பதம், நேரம் ஒன்று.

புகைமூட்டத்தை அளக்கும் சென்சார் எண்ணும் அரசாங்கக் குறியீட்டு எண்ணும் ஏன் ஒத்துவருவதில்லை?

இரண்டும் வெவ்வேறு பொருள். பிஎம்எஸ்5003 போன்ற சென்சார், ஒரு கன மீட்டர் காற்றில் நுண்துகள் எத்தனை மைக்ரோகிராம் என்று அந்த நொடியில் சொல்கிறது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு அலகில்லாத எண். நுண்துகளுக்கு அது 24 மணிச் சராசரியிலிருந்து கணக்கிடப்படுகிறது. 50 வரை நன்று, 100 வரை மிதம், 200 வரை ஆரோக்கியமற்றது, 300 வரை மிகவும் ஆரோக்கியமற்றது, அதற்கு மேல் ஆபத்தானது என்ற எல்லைகளை மைக்ரோகிராம் படத்தின் மீது கோடாகப் போடாதீர்கள். குடும்பத்தாரை வீணாகப் பயமுறுத்தும், அல்லது அதைவிட மோசமாக, வீணாகத் தைரியப்படுத்தும்.

படத்தில் வெளிர்நிறக் கோடாக நிமிட அளவும், அடர்நிறக் கோடாக 24 மணி ரோலிங் சராசரியும் வரையுங்கள். சென்சார் விழித்த முதல் 30 வினாடி அளவுகளை விட்டுவிடுங்கள், விசிறி நிலைபெற அவ்வளவு நேரம் வேண்டும். அது அனுப்பும் இரண்டு வரிசை எண்களில் 'வளிமண்டல' வரிசையை எடுங்கள். மழை பெய்து ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தொடும்போது துகள்கள் நீர் உறிஞ்சிப் பெருத்து, சென்சார் கூடுதலாகக் காட்டும். கீழே ஈரப்பதக் கோடு இருந்தால் அந்த நேரங்களை அடையாளம் காணலாம்.

உணவகக் குளிர்பெட்டிக்கு எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை அளக்க வேண்டும்?

ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை. குளிர்பெட்டியின் அமுக்கி (கம்ப்ரசர்) ஓடி நிற்கும் சுழற்சி 15 நிமிடமாக இருக்கும்போது அரை மணிக்கு ஒருமுறை அளந்தால், ஒவ்வொரு முறையும் சுழற்சியின் ஒரே கட்டத்தில் மாட்டிக்கொண்டு தட்டையான கோடு வரும். நிமிட அளவில் ரம்பப்பல் போன்ற உண்மையான வடிவம் தெரியும். நாளில் சில முறை தவறாமல் வரும் உயரமான மேடு பனி உருக்கும் வேளை, அது பழுதல்ல. பல்லின் அடிமட்டம் நாளுக்கு நாள் மேலேறினால் மட்டும் பழுதுபார்ப்பவரைக் கூப்பிடுங்கள்.

நேரலையாக ஓடும் வரைபடம் உறைந்து நின்றுவிடுகிறது.

படத்தைத் தொடர்ந்து புதுப்பிக்கும் ஃபங்க்அனிமேஷன் திருப்பித்தரும் பொருளை ஒரு மாறியில் பிடித்துவைக்கவில்லை என்பதே முதல் சந்தேகம். பிடிக்காவிட்டால் பைத்தான் அதைக் குப்பையாகக் கருதி அழித்துவிடும். அளவுகளை டெக் வரிசையில் மேக்ஸ்லென் 300 என்று வையுங்கள், பழையது தானாக வெளியேறும். ஒவ்வொரு முறையும் புதிதாக பிளாட் செய்யாமல், இருக்கும் கோட்டுக்கு செட் டேட்டா கொடுத்து, ரீலிம், ஆட்டோஸ்கேல் வியூ இரண்டையும் அழையுங்கள்.

தொடர்பே கிடைக்கவில்லை என்றால் அர்டுயினோ மென்பொருளின் சீரியல் மானிட்டரை மூடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் போர்ட்டைத் திறக்க முடியும். பைத்தான் போர்ட்டைத் திறந்ததும் ஊனோ பலகை மறுதொடக்கம் ஆகும். இரண்டு வினாடி காத்திருங்கள், முதல் வரியைப் படித்து வீசிவிடுங்கள். அது பெரும்பாலும் பாதி வரியாக இருக்கும்.

அச்சுப் பெயரைத் தமிழில் எழுதினால் கட்டம் கட்டமாக வருகிறது.

மேட்ப்ளாட்லிப்போடு வரும் டேஜாவூ சான்ஸ் எழுத்துருவில் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் நிறுவி, மேட்ப்ளாட்லிப்பின் அமைப்புகள் இருக்கும் ஆர்சிபாராம்ஸில் ஃபான்ட் ஃபேமிலியாகக் கொடுங்கள். விண்டோஸில் நிர்மலா யுஐ ஏற்கனவே இருக்கும்.

கட்டங்கள் மறைந்ததும் அடுத்த சிக்கல் தெரியும். கொம்பு இடம் மாறும்: 'வெப்பம்' என்பதில் ஒற்றைக்கொம்பு வகரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் நிற்கும். நம் எழுத்துகளை இடம்மாற்றி இணைக்கும் வேலையை மேட்ப்ளாட்லிப்பின் 3.10 வரையிலான பதிப்புகளில் வழக்கமான படவாக்கி செய்வதில்லை என்பதே காரணம். எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை. இரண்டு வழிகள் பலன் தருகின்றன. ஒன்று, படத்தை எஸ்விஜி ஆகச் சேமித்து, எஸ்விஜி ஃபான்ட்-டைப் (svg.fonttype) தெரிவுக்கு நன் (none) கொடுப்பது. அப்போது எழுத்து படமாக மாறாமல் எழுத்தாகவே கோப்பில் இருக்கும். உலாவி அதைத் திறக்கும்போது சரியாகக் கோத்துக் காட்டும். இன்னொன்று, உலாவியிலேயே வரையும் பிளாட்லி நூலகத்துக்கு மாறுவது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் படத்தில் தமிழ் தமிழாக இருக்க வேண்டும். இதற்குச் செலவிடும் அரைமணி நேரம் தகும்.

இரண்டு வினாடிக்கு ஒன்றாக ஒரு மாதத் தரவு இருக்கிறது. படம் தடித்த பட்டையாக வருகிறது.

நாளுக்கு 43,200 அளவு, 30 நாளுக்கு 12,96,000. படத்தின் அகலம் 1,500 புள்ளிதான். 30 நிமிடக் கட்டமாக ரீசாம்பிள் செய்து சராசரியைக் கோடாகவும், குறைந்ததற்கும் கூடியதற்கும் இடையே ஃபில் பிட்வீன் கொண்டு வெளிர்நிறப் பட்டையாகவும் வரையுங்கள். சராசரி மட்டும் போட்டால் சில நிமிட உச்சங்கள் காணாமல் போகும்.

திரை இல்லாத ராஸ்பெர்ரி பையிலிருந்து தினமும் ஒரு படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்ப விரும்புகிறோம். என்ன கவனிக்க வேண்டும்?

பைபிளாட்டை இம்போர்ட் செய்வதற்கு முன் மேட்ப்ளாட்லிப்பின் யூஸ் கட்டளைக்கு ஆக் என்ற படவாக்கியைக் கொடுங்கள். நிரல் தொடர்ந்து ஓடுவதானால் ஒவ்வொரு படத்தையும் சேமித்ததும் குளோஸ் கொண்டு மூடுங்கள். மூடாவிட்டால் 20 படங்களைத் தாண்டியதும் எச்சரிக்கை வரும், நினைவகம் நிரம்பிக்கொண்டே போகும். கோப்புப் பெயரில் தேதியைச் சேருங்கள், நேற்றைய படம் அழியாது. அனுப்பும்போது புகைப்படமாக அல்லாமல் ஆவணமாக இணையுங்கள். புகைப்படமாகப் போனால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும், மெல்லிய கோடும் அச்சு எண்களும் மங்கிவிடும். கைப்பேசியில் படிக்க எழுத்தளவு 14, கோட்டுத் தடிமன் 1.5 போதும்.